இட்டேரியைத் திறந்துவிடுங்கள்: மூன்று மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்ட ஆட்சியர்களுக்கு,

வணக்கமுங்க.

போன வருடம் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. தினமும் முக்கால் மணி நேரம் நடங்கம்மா, மாத்திரையெல்லாம் அதற்கு அப்புறம்தான் என்றார் டாக்டர். எங்கள் வீடு ஈரோட்டுக்கும் சென்னிமலைக்கும் நடுவில் தோட்டத்துக்குள் இருக்கிறது. சுற்றிலும் விவசாயக் காடுதான். இங்கே நடக்கவா இடமில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்து ரோட்டில் இறங்கினேன். டிப்பர் லாரியும் மில் பஸ்ஸும் சீலைத்தலைப்பை உரசிக்கொண்டு போகின்றன. ரோட்டுக்கு ஓரம் என்று ஒன்று கிடையாது. தார் முடிந்தால் பள்ளம், பள்ளம் முடிந்தால் கம்பிவேலி. நாலு நாள் பார்த்தேன். அஞ்சாம் நாள் மொட்டைமாடியில் சாக்பீஸால் பெரிதாக ஓர் எட்டுப் போட்டு அதன்மேல் சுற்ற ஆரம்பித்தேன். வடகம் காயவைக்க மேலே வந்த மாமியார் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "செக்குமாடு கூட இதைவிடத் தூரம் போகுமாட்ட இருக்குதே அம்மிணி" என்றார்.

நாலு ஏக்கர் பூமிக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி எட்டுக்குள் ஏன் சுற்ற வேண்டும்? அதை யோசித்துப் போனதில்தான் இந்த மடல்.

உங்களில் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்களுக்காக இட்டேரி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கொங்கு நாட்டில் தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில், இரண்டு பக்கமும் உயிர்வேலி போட்ட வண்டித்தடம். ஒரு மாட்டுவண்டி தாராளமாகப் போகும். எதிரே இன்னொன்று வந்தால் ஒருத்தர் வேலியோரம் ஒதுங்க வேண்டும். சக்கரம் ஓடிய இரண்டு கோடு வெறும் மண், நடுவில் புல். வேலி கிளுவையாக இருக்கும், இடையிடையே வேம்பு, ஊஞ்சமரம், வெள்வேல், பனை. கிளுவை மேல் கோவைக்கொடி ஏறியிருக்கும், அடியில் பிரண்டை. சித்திரை வெயிலில் கூட இட்டேரிக்குள் நுழைந்தால் சூடு ஒரு படி குறையும். காலை நேரத்தில் நடந்தால் செம்போத்து ஒன்று வேலிக்குள் தத்திக்கொண்டே கூட வரும். கவுதாரி சட்டென்று எழும்பிப் பயமுறுத்தும். அம்மாவைப் பெற்ற எங்கள் அப்பிச்சி வீட்டிலிருந்து பால் சொசைட்டிக்கு இப்படி ஓர் இட்டேரி இருந்தது. தூக்குப்போசியோடு பத்து நிமிட நடை. நான் சைக்கிள் பழகியது அதில்தான், கிளுவை முள் குத்தி டியூப் பஞ்சரானதும் அதில்தான்.

இன்று அந்த இட்டேரியின் நடுவில் ஒரு லேஅவுட்டின் காம்பவுண்டு சுவர் நிற்கிறது. சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிற எங்கள் மாமா ரோட்டைச் சுற்றி ரெண்டரை கிலோமீட்டர் போகிறார், எழுபது வயதில், டி.வி.எஸ். வண்டியில், லாரிகளுக்கு நடுவில். கிராம வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். சுவருக்குப் பதிலாக அங்கே விட்டுவிட்டுப் போட்ட இரட்டைக்கோடு ஓடுகிறது, குளத்துமேடு வரைக்கும். வருவாய்த்துறை நிலக்கணக்கான அ பதிவேட்டிலும் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்றே இருக்கிறது. அளந்து காட்டச் சொல்லி மனுக் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. சர்வேயர் வரவில்லை. மூன்று முறை அலைபேசியில் கூப்பிட்டபோது மூன்று முறையும் வேறு பிர்க்காவில், அதாவது வேறு கிராமத் தொகுப்பில், இருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, ஒரு ஆளுக்கு அத்தனை கிராமம். காகிதத்தில் இருக்கிற பாதை மண்ணில் இல்லை என்பதுதான் விஷயம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. புதிதாக எதையும் கட்ட வேண்டாம். அரசு நிலமாக ஏற்கெனவே இருக்கிற இட்டேரி, வாய்க்கால் கரை, குளக்கரை மூன்றையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடுங்கள், நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் ரோட்டில் இறங்காமல் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகிற மாதிரி.

அழகுபடுத்துவது வேறு, சேர்ப்பது வேறு. கோவை உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் இன்று நன்றாகத்தான் இருக்கின்றன. கரையில் நடைபாதை, சைக்கிள் தடம், விளக்கு எல்லாம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனால் நடப்பவர்களை விட அவர்கள் வந்த கார்கள் அதிகம் நிற்கின்றன. நடப்பதற்குக் காரில் வர வேண்டியிருக்கிறது. இந்தக் குளங்களை வெட்டியவர்கள் நொய்யல் தண்ணீரை அணைக்கட்டிலிருந்து ராஜவாய்க்காலில் திருப்பி, ஒன்று நிறைந்தால் அடுத்ததுக்குப் போகிற மாதிரி கோத்து வைத்தார்கள். தண்ணீருக்கு இருந்த அந்த வழி மனுசருக்கு வரவில்லை. அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்த அந்தத் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகளைக் குழாயால் இணைத்திருக்கிறோம். அத்தனை தோண்டலுக்கு நடுவில், குழாய் போகிற சில இடங்களிலாவது மேலே ஒரு நடைத்தடம் விட்டிருக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றாததில் ஆச்சரியமும் இல்லை. எங்கள் பக்கம் வேலை இல்லாமல் நடந்து போகிறவரைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்பார்கள். சும்மா நடக்கிறேன் என்றால் நம்புவதில்லை, பின்னால் ஏறச் சொல்லி வற்புறுத்துவார்கள். நல்ல மனசுதான்.

பாதைக்கு முதுகெலும்பு கைவசம் இருக்கிறது. கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகரில் புறப்பட்டு 124 மைல், அதாவது 200 கிலோமீட்டர் போகிறது. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. எங்கள் பூமியும் அந்த ஆயக்கட்டுதான். அதன் கரையில் அதிகாரிகளின் ஜீப்பும் வாய்க்காலைப் பார்த்துக்கொள்கிற ஊழியரான லஸ்கரின் சைக்கிளும் போகிற மண்பாதை ஓடுகிறது. ஏறுமுகம் இறங்குமுகம் என்று மூச்சு வாங்க வேண்டியதில்லை, தண்ணீர் எப்படிப் போகிறதோ அப்படியே சம நடை. காளிங்கராயன் வாய்க்கால் பவானியில் ஆரம்பித்து ஈரோடு, கொடுமுடிப் பக்கமாக ஐம்பத்தாறு மைல். 1283இல் வெட்டி முடிந்ததாகச் சொல்லுவார்கள். பாம்பு போன வழியே வெட்டினார்கள், அதனால்தான் அத்தனை வளைவு என்று கதை. வெட்டியவரின் வம்சமோ அந்தத் தண்ணீரில் எங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபோய்விட்டது என்று இன்னொரு கதை. கொடிவேரியிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை இரண்டு வாய்க்கால். தெற்கே பொள்ளாச்சி, உடுமலைக்கு பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்து (பி.ஏ.பி.) வாய்க்கால்கள். இத்தனை கரையும் பொதுச்சொத்து.

கீழ்பவானியில் இன்னொரு வசதி. எந்த இடத்தையும் நாங்கள் மைல் கணக்கில்தான் சொல்லுவோம். இந்த மைலில் உடைப்பு, அந்த மைலில் மதகு என்று விவசாயிக்கு வாய்க்கால் மனப்பாடம். பெல்ஜியத்தில் லிம்பர்க் மாநிலத்தில் 1995இல் சைக்கிள் பாதைகளுக்கு இப்படித்தான் செய்தார்கள். பாதைக்குப் பெயர் வைக்காமல், பாதைகள் கூடுகிற இடத்துக்கு எண் போட்டார்கள். 12, அப்புறம் 31, அப்புறம் 7 என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினால் வழி தவறாது. யோசனை சொன்னவர் சுரங்கப் பொறியாளர், சுரங்கத்துக்குள் சந்திகளுக்கு எண் போடுவதிலிருந்து எடுத்தார். நமக்கு எண் போடுகிற செலவு கூட இல்லை, மைல்கல்லுக்கு வெள்ளையடித்தால் பாதி வேலை ஆச்சு. நம் ஜனம் வேலைக்குப் போய்வருகிற சிங்கப்பூரிலும் 1990களிலிருந்து மழைநீர்க் கால்வாய்களை ஒட்டிக் காலியாகக் கிடந்த ஒதுக்குநிலத்தைத்தான் பூங்காக்களுக்கு நடுவில் பாதையாக்கினார்கள். இன்று 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. நிலம் வாங்கப் பணமில்லை என்பவர்கள் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

முதலில் ஒரு துண்டு மட்டும் எடுங்கள். வெள்ளோடு பறவைகள் சரணாலயத்திலிருந்து சென்னிமலை அடிவாரம், அங்கிருந்து நொய்யல் கரையில் கொடுமணல். வெள்ளோடு 2022இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கொடுமணலில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் கல்மணி கடைந்திருக்கிறார்கள், இரும்பு உருக்கியிருக்கிறார்கள், எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. சேரநாட்டுத் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன வணிகப்பாதையில் இருந்த ஊர் அது. நடுவில் சென்னிமலையில் தறிச்சத்தம் கேட்டுக்கொண்டே ஒரு டீ குடிக்கலாம். ஈரோடு மாவட்டத்துக்குள் ஆரம்பித்து நொய்யலைத் தாண்டினால் திருப்பூர் மாவட்டம். திருப்பூரில் நஞ்சராயன் குளம் இருக்கிறது, அதுவும் 2024இல் ராம்சர் பட்டியலுக்கு வந்துவிட்டது. அதற்கு மேற்கே கோவை. உங்கள் மூன்று பேருக்கும் ஒரே மடலாக எழுதுவது இதற்காகத்தான். மாவட்ட எல்லையில் நின்றுபோகிற பாதையால் ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்லை.

கோவை சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 'இராசகேசரிப் பெருவழி' என்று பாதையின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். சோழர் காலத்துப் பெயர்ப்பலகை, ஆயிரம் வருடத்துக்கு மேலாக அங்கேயே நிற்கிறது. எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்தில் நிற்கிறவருக்கு அடுத்த ஊர் எந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு தகரம் கூட இல்லை.

யார் நடப்பார்கள் என்று கேட்பீர்கள். தை மாதம் வந்து பாருங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டம் எங்கள் ரோட்டில் ராத்திரி பகலாகப் போகிறது. எடப்பாடியிலிருந்து காவடி கட்டி வருகிறார்கள். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடிக் காவிரியில் தீர்த்தம் முத்தரித்துத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் நடக்கிறார்கள். போன தைக்கு எங்கள் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா உட்கார்ந்தார், கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிய பை. "கொப்புளம் பரவாயில்லீங்க, பின்னாடி வர்ற லாரிதான் பயமா இருக்குது" என்றார். வருடா வருடம் பக்தர்கள் மேல் வண்டி ஏறிய செய்தி வராமல் தை மாதம் போவதில்லை. பழனிச் சாலையில் சில இடங்களில் பாத யாத்திரைக்கென்று கல் பதித்த தனி நடைபாதை அரசே போட்டிருக்கிறது. முடியாத காரியம் இல்லை என்பதற்கு அதுவே போதும். அந்தப் பாதையை மீதி மாதங்களிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் என் மாதிரிச் சர்க்கரைக்காரர்களும் நடக்கிற பாதையாக நீட்ட வேண்டும், அவ்வளவுதான். கொங்கில் ஏற்கெனவே ஒரு பெரிய நடைவலை இருக்கிறது. அதற்குக் காவடி என்று பெயர்.

இனி எங்கள் ஆட்களுக்கு. பாசன சபைக்காரர்களே, பக்கத்துத் தோட்டத்துக்காரர்களே, இந்த மடலைப் படித்ததும் நீங்கள் என்ன சொல்லுவீர்கள் என்று எனக்குத் தெரியும். கண்டவனும் காட்டுக்குள் வருவான். மோட்டார் கேபிளை வெட்டிக்கொண்டு போவான். இளநீர் இறக்குவான். குடித்துவிட்டுப் பாட்டிலை வயலில் உடைத்துப் போடுவான். இதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. போன ஆவணியில் நாற்று நடவில் எங்கள் ஆள் ஒருத்தருக்குப் பாட்டில் சில்லு ஏறி ஏழு தையல் போட்டோம்.

அதற்கு மேல் ஒரு பயம் இருக்கிறது, அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதானவர்களை அடித்துக் கொன்று நகையை எடுத்துப் போன சம்பவங்கள் நம் பக்கத்தில் சமீபத்தில் நடந்தன. அதற்கப்புறம் எங்கள் மாமியார் பொழுது சாய்ந்தால் கட்டுத்தரைக்குக் கூடத் தனியாகப் போவதில்லை. மாமனார் நாய் ரெண்டு வாங்கினார், அப்புறம் கேமரா. இந்த நிலைமையில் வீட்டு வாசலை ஒட்டிப் போகிற இட்டேரியில் முன்பின் தெரியாதவர்களை நடக்கவிடுங்கள் என்றால் யாருக்கும் கோபம்தான் வரும். எனக்கே வரும்.

அதனால் வீட்டை ஒட்டிய இட்டேரிகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். வாய்க்கால் கரையும் குளக்கரையும் முதலில். வீட்டுப்பக்கம் போகிற தடத்தை, அந்த ஊர்க் கிராமசபை தீர்மானம் போட்டால் மட்டும், பகல் நேரத்துக்கு மட்டும் திறக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். குடிக்க வருகிறவன் எங்கே உட்காருகிறான்? ஆள் நடக்காத வாய்க்கால் பாலத்தில்தான். காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்துக்கும் பெண்கள் கூட்டமாக நடக்கிற கரையில் அவன் உட்கார மாட்டான். கோபிப் பக்கம் என் தங்கச்சி ஊரில் தடப்பள்ளிக் கரையில் பத்துப் பேர் தினம் நடக்க ஆரம்பித்தார்கள், ரெண்டு மாதத்தில் அந்தப் பாலம் காலியாகிவிட்டது. எல்லா இடத்திலும் இப்படி ஆகும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். எங்கள் பாலத்தில் இன்னும் உட்காருகிறார்கள்.

ஆட்சியர்களுக்கே திரும்ப வருகிறேன். பாதை என்று சொன்னதும் சிமெண்டு லாரி வந்து நிற்கும், அதுதான் எனக்குப் பெரிய பயம். கீழ்பவானிக்கு காங்கிரீட் போடுகிற விஷயத்தில் ஆயக்கட்டுக்காரர்கள் எத்தனை நாள் போராட்டம் நடத்தினார்கள் என்று உங்கள் கோப்புகளில் இருக்கும். மண்வாய்க்காலின் கசிவில்தான் பக்கத்துக் கிணறு ஊறுகிறது. வெள்ளோட்டுக் குளமும் அப்படி வருகிற தண்ணீரால் பிழைக்கிறது. பாதையைச் சாக்காக வைத்துக் கரைக்குத் தளக்கல் பதிக்க வேண்டாம், இரும்புக் கிராதி வேண்டாம், செல்ஃபி எடுக்க ஊர்ப்பெயர் எழுத்துக்களும் வேண்டாம். ராத்திரி விளக்கும் வேண்டாம், பறவை அடைகிற இடம். சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டு வேம்பும் புங்கனும் வையுங்கள். விழுந்தால் ஏறி வர அரை மைலுக்கு ஒரு படித்துறை வையுங்கள், வாய்க்கால் ஓட்டம் பார்க்கிற மாதிரி இருக்காது, வருடா வருடம் பிள்ளைகள் முழுகிப் போகின்றன. கரையில் மோட்டார் வண்டி ஏறாமல் முனையில் கல்லுக்கால் நடுங்கள், ஆளும் சைக்கிளும் நுழைகிற இடைவெளி விட்டு. டிராக்டர் போக வேண்டிய விவசாயிக்குப் பூட்டுச்சாவி கொடுத்துவிடலாம்.

செலவு வருகிற இடம் ஒன்று உண்டு, ரோட்டைக் கடக்கிற இடம். கீழ்பவானி வாய்க்கால் சேலம் கொச்சி நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்டிப் போகிறது. தண்ணீர் பாட்டுக்கு அடியில் நுழைந்து அந்தப்பக்கம் போய்விடுகிறது. கரையோடு வருகிற ஆள் மேலே ஏறி நாலு வழிச்சாலையில் நிற்க வேண்டும். பணம் இருந்தால் அங்கே போடுங்கள்.

சத்தியமங்கலம் பக்கம் காட்டை ஒட்டிய கரையைத் தொட வேண்டாம், யானை வருகிற இடம். மலை ஏற ஆசைப்படுகிறவர்களுக்கு வனத்துறை 2024இல் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்துப் பதிவும் ஆரம்பித்துவிட்டது. சமவெளியில் நடக்கிறவருக்குத்தான் இன்னும் ஒன்றுமில்லை.

முதல் வேலையாக, மாவட்டத்துக்கு ஒரு பிர்க்கா எடுத்து அதில் இருக்கிற வண்டிப்பாதைப் புறம்போக்கு எல்லாவற்றையும் அளந்து கல் நட்டு, எது திறந்திருக்கிறது, எது அடைபட்டது என்று வரைபடம் போட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்தால் ஊர்க்காரர்களே மீதியைப் பேசிக்கொள்வார்கள், சில இடத்தில் சண்டையும் போட்டுக்கொள்வார்கள். கரைப்பாதையில் பொதுமக்கள் நடக்கலாம் என்று நீர்வளத்துறையிடம் எழுத்தில் வாங்குங்கள். இன்றைக்கு நடக்கிறோம், ஆனால் லஸ்கர் போ என்றால் போக வேண்டியதுதான்.

அப்புறம், ஒரு நாள் நீங்களே வாருங்கள். ஆகஸ்டு 15க்கு அப்புறம் தண்ணீர் விட்டு வாய்க்கால் நிறையப் போகிற சமயம் நல்லது. காலை ஆறு மணிக்கு முன்னால் கிளம்பினால் சென்னிமலை வரைக்கும் வெயில் தெரியாது. ஜீப்பைப் பாலத்தில் விட்டுவிடலாம். வழியில் நாலு பேராவது வண்டி ரிப்பேருங்களா என்பார்கள், இல்லைங்க என்று சொல்லிவிட்டு நடந்தால் போதும். நல்ல அடி வைத்த செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். இரண்டாவது மதகு தாண்டிப் பாட்டில் சில்லு கிடக்கிறது.

இப்படிக்கு,
கீழ்பவானி ஆயக்கட்டில் பண்ணையம் பார்க்கும் ஒருத்தி